சீக்கிரம் கொடுத்துவிடு

கோலி ஸ்பிரிங்ஸ், டெக்சஸ்
1981 செப்டம்பர் 6, ஞாயிறு

தம்பி லெமுவேலுக்கு,

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். சரி, பேசினால்தானே வைப்பாய், எழுதுகிறேன். கோபம் வந்தால் கிழித்துப் போடு. ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய் என்று எனக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து உன்னை வளர்த்தவள் நான்.

அன்று போனில் சொன்னதைத்தான் திரும்பச் சொல்கிறேன். ஏப்ரல் மாதப் பயிற்சியில் மண்டையில் அடிபட்டு, அந்த ராத்திரி முழுவதும் என் பெயர் ஞாபகம் வராமல் கிடந்தாய். உன் அறைத் தோழன் ரூஃபஸ் போன் பண்ணிச் சொல்லாவிட்டால் எனக்கு அதுவும் தெரிந்திருக்காது. ஆளை ஆள் முட்டித் தள்ளும் அந்த ஃபுட்பால் ஆட்டத்தை இந்த ஒரு வருஷம் விடு. உன்னைக் கல்லூரிக்கு அனுப்பியது மண்டைக்காகத்தான், காலுக்காக இல்லை.

"ஆடலேன்னா உதவித்தொகை போயிடும், அப்புறம் நீயா கட்டுவே?" என்று கேட்டாய். கோழி ஆலையில் இரண்டு ஷிப்ட் போட்டாவது கட்டுவேன். கிளியானிடமும் கேட்டுவிட்டேன். "கட்டிக்கலாம் விடு, உன் தம்பி எனக்கு மச்சான்தானே" என்றார். உன்னை மாதிரி அவருக்கு வாய் நீளமில்லை, மனசு நல்ல மனசு.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் அக்கா,
ஓடெசா


வெஸ்ட் பிரேரி கல்லூரி, ஓக்லஹோமா
செப்டம்பர் 14

அக்கா,

திட்டவில்லை. போனை வைத்ததும் தப்புதான். விடுதி வராந்தாவில் இருக்கும் ஒரே போனுக்கு எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றுகொண்டு "டேய், அக்காகிட்டே அழுதது போதும், நகருடா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் என்ன பேசுவது?

மண்டை நன்றாக இருக்கிறது. முதல் ஆட்டம் ஜெயித்தோம். உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். பயிற்சியில், என்னைப் போல் பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் மட்டும் பச்சைச் சட்டை போடுவான். பச்சைச் சட்டைக்காரனை யாரும் முட்டக் கூடாது என்பது இங்கே சட்டம். கோச் ஹஸ்கெட் முதல் நாளே என்னைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொன்னார். "பச்சை, பந்தை வீசுறவனுக்குடா. நீ ஓடுறவன். உனக்கு அடி காலைச் சாப்பாடு மாதிரி, தினமும் உள்ளே போகணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் சொல்வதும் நியாயம்தான். நான் வீசினால் பந்து கோணிக்கொண்டு போய்த் தண்ணீர்ப் பீப்பாயில் விழும். ஓடினால் என்னைப் பிடிக்க இந்த மாநிலத்தில் ஆள் கிடையாது. படிப்பு முடிந்ததும் பெரிய அணிகள் என்னைக் குவாட்டர்பேக்காக எடுக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஓடுகிறவன், அதிலும் நம் கறுப்பு நிறத்துக்காரன். "தம்பி, நீ பின்னால நின்னு தடுக்குற வேலைக்கு வா" என்பார்கள். ஆக, பதினோரு பேருக்கு நடுவில் நின்று நான் சொன்னபடி எல்லோரும் நகர்வது இந்த ஒரு வருஷம்தான். அப்புறம் ஆயுசுக்கும் யாரோ சொன்னபடி நான்தான் நகர வேண்டும். இதைப் போய் விடச் சொல்கிறாயே.

கிளியான் மச்சானுக்கு நன்றி சொல். அவர் காசு வேண்டாம்.

லெம்


கோலி ஸ்பிரிங்ஸ்
அக்டோபர் 4, ஞாயிறு

லெம்,

இங்கே வீட்டு ரேடியோவில் உங்கள் ஊர் ஸ்டேஷன் வராது. டிரக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனால் கரகரவென்று கேட்கிறது. நேற்று நானும் கிளியானும் அங்கேதான் இருந்தோம். அவருக்கு உங்கள் ஆட்டம் ஒரு மண்ணும் புரியாது. அதனால் விளக்கிக்கொண்டே கேட்டேன்.

"லெம் பந்தை வாங்கிட்டு ஓரமா ஓடுவான். ரூஃபஸ் அவனுக்கு வெளிப்பக்கமா, கொஞ்சம் பின்னாடி, கூடவே ஓடுவான். எதிரணியில ஓரத்துல நிக்கிற ஒருத்தனை மட்டும் யாரும் தடுக்காம வேணும்னே விட்டுடுவாங்க. அந்த ஆள் லெம் மேலே பாஞ்சா, லெம் பந்தை ரூஃபஸ் பக்கம் தட்டிவிட்டுட்டு அடியை வாங்கிக்குவான். ரூஃபஸை நோக்கிப் போனா, லெம் பந்தை வச்சுக்கிட்டு உள்ளே ஓடுவான்."

"அப்போ எப்படியும் உன் தம்பிக்குத்தான் அடியா?" என்றார் கிளியான். பாதி ஆட்டம் அந்த மனுஷனுக்கு ஒரே நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

ஆனால் எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. நேற்று முழு ஆட்டத்திலும் நீ ரூஃபஸுக்குப் பந்தைக் கொடுக்கவே இல்லை. "மறுபடியும் லெமுவேலே வச்சுக்கிட்டான்! மறுபடியும் அவனே!" என்று ரேடியோக்காரன் தொண்டை கிழியக் கத்துகிறான். போன வாரமும் இதே கதை. ஆலையில் எல்லோரும் என் கையைக் குலுக்குகிறார்கள், உன் தம்பி சிங்கம் என்கிறார்கள். நான் கையை உருவிக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறேன். நீ ஒரு கோழிக் காலைக்கூட அடுத்தவனுக்குப் பாதி கொடுக்காமல் தின்றவன் இல்லை. பந்தை மட்டும் ஏன் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்? ரூஃபஸோடு சண்டையா?

ஓடெசா


வெஸ்ட் பிரேரி
அக்டோபர் 9

அக்கா,

ஜெயித்தோமா இல்லையா? அதைப் பற்றி ஒரு வரி எழுதினாயா? வரிசையாக நான்கு ஆட்டம் ஜெயித்த அணியின் குவாட்டர்பேக்கிடம் ஏன் இப்படி ஓடினாய், ஏன் அப்படி ஓடினாய் என்று கேட்கிறவள் நீ ஒருத்திதான். இங்கே பேப்பரில் என் படம் வந்திருக்கிறது. "அடிக்கு அஞ்சாத லெமுவேல்" என்று போட்டிருக்கிறார்கள். வெட்டி அனுப்புகிறேன். ஆலையில் ஒட்டிவை.

ரூஃபஸோடு சண்டையெல்லாம் இல்லை. அவன்தான் தினமும் என்னை எழுப்பி வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். "பந்து வராம ஓடிப் பழகிட்டேன்டா, கால் நல்லா இளைக்குது" என்று கேலி செய்கிறான்.

தலையைப் பற்றியும் கேட்பாய், நானே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அடிக்கும் பிறகு அணியில் காயம் பார்க்கிற டிரெய்னர் என்னை உட்கார வைத்துப் பரீட்சை வைக்கிறார். எந்த ஊர், என்ன கிழமை, எத்தனை விரல். மனுஷன் எப்போதும் இரண்டு விரல்தான் காட்டுவார். அணியில் எல்லோருக்கும் தெரியும். நான் நூற்றுக்கு நூறு.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்ல மறந்துவிட்டேன். பயிற்சியில் குவாட்டர்பேக் மட்டும் பச்சைச் சட்டை போடுவான், அவனை யாரும் முட்டக் கூடாது. கோச் என்னை மட்டும் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொன்னார். "உனக்கு அடி காலைச் சாப்பாடு மாதிரிடா" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

லெம்


கோலி ஸ்பிரிங்ஸ்
அக்டோபர் 18, ஞாயிறு

தம்பி,

பச்சைச் சட்டைக் கதையைப் போன மாதமே எழுதிவிட்டாய். கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில்.

இரண்டு கடிதத்தையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் வரி நேராக இருக்கிறது. இரண்டாவதில் ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிக் கிடக்கிறது. கோடு போட்ட தாளில் எழுதியும் அப்படி இருக்கிறது. கிளியானிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு வெளியே போய் விறகு பிளக்க ஆரம்பித்துவிட்டார்.

லெம், என்னிடம் மறைக்காதே. உன் கண்ணில் என்ன கோளாறு? நான் கத்த மாட்டேன். சத்தியமாகக் கத்த மாட்டேன். சொல்.

அக்கா


வெஸ்ட் பிரேரி
அக்டோபர் 23

அக்கா,

கத்த மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாய். அதை நம்பிச் சொல்கிறேன்.

எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. செப்டம்பர் மூன்றாவது ஆட்டத்திலிருந்து. காலையில் கொஞ்சம் தேவலை. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றாகிவிடும், அப்படித்தான் இதை எழுதுகிறேன், படிக்கிறேன். ஓடும்போது ஒரு கண்ணை மூடினால் தூரம் பிடிபடாது. அதனால் களத்தில் எனக்கு ஓரத்து ஆளும் இரண்டு, ரூஃபஸும் இரண்டு. எந்த ரூஃபஸுக்குக் கொடுப்பது? காற்றுக்குக் கொடுத்துவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும்.

அதனால்தான் நானே வைத்துக்கொள்கிறேன். வைத்துக்கொண்டு ஓடக் கண் வேண்டியதில்லை, அக்கா. எவன் மேலாவது முட்டுகிறவரை ஓடினால் போதும். அதைத்தான் பேப்பர்காரன் அஞ்சாமை என்று எழுதுகிறான்.

ரூஃபஸுக்கு மட்டும் தெரியும். அவன் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டான். நான் தண்ணீர்க் குவளைக்குக் கை நீட்டி வெறும் மேசையைப் பிடித்ததைப் பார்த்தான். "எப்போ சொல்லப் போறே?" என்றான். "நவம்பர் முடியட்டும்" என்றேன். "நவம்பர்ல நீ என்னை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவியோ" என்றான். எனக்குப் பாடக் குறிப்பெல்லாம் அவன்தான் எழுதித் தருகிறான்.

இன்னும் நான்கே ஆட்டம். கடைசி ஆட்டம் நவம்பர் 21, டேல்பர்க் கல்லூரியோடு. அதை ஜெயித்தால் எங்கள் கல்லூரிக்கு இருபது வருஷத்துக்குப் பிறகு சாம்பியன் பட்டம். யாரிடமும் சொல்லாதே. சொன்னால் என்னை உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார வைத்தால் நான் யார்? பந்தைக்கூடச் சரியாக வீசத் தெரியாத ஒரு பையன்.

லெம்


கோலி ஸ்பிரிங்ஸ்
நவம்பர் 1, ஞாயிறு

லெமுவேல்,

நான் சொல்லிவிட்டேன். நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

வியாழக்கிழமை ஆலை அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி உன் கோச்சுக்குப் போன் போட்டேன். நான் உன் அக்கா என்றதும் குரல் தேனாய் ஒழுகியது. "அம்மா, இப்படி ஒரு பையனைப் பெத்த குடும்பத்தை நான் கும்பிடணும்" என்றார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். அவனுக்கு எல்லாம் இரண்டாகத் தெரிகிறது, தயவு செய்து வெளியே எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.

அவர் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "தெரியும்மா. தெரிஞ்சுதானே யாருக்கும் பந்தைக் கொடுக்காதே, நீயே வச்சுக்கோன்னு அவனுக்குச் சொல்லியிருக்கேன்."

"அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்று கேட்டேன். "அம்மா, அவன் பெரியவன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும், நாளைக்கே உட்கார வைக்கிறேன். அவன் சொல்ல மாட்டேங்கறானே" என்றார். நான் அழுதுவிட்டேன். அந்த ஆள் நான் அழுது முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

ரூஃபஸுக்கு மட்டும்தான் தெரியும் என்று எழுதினாய், கோச் உன்னிடம் அப்படிச் சொன்னதை எழுதவில்லை. அவரே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆக, அந்த மைதானத்தில் உன்னைக் காப்பாற்ற ஒருத்தரும் இல்லை. நீயும் இல்லை.

வாயைத் திறந்து "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல். ஒரே ஒரு வார்த்தை.

ஓடெசா


வெஸ்ட் பிரேரி
நவம்பர் 5

கத்த மாட்டேன் என்றாய். போன் போட்டுக் கத்தியிருக்கிறாய்.

கோச் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "உங்க அக்கா அழுதாங்க. என்ன செய்யலாம் சொல்லு. சனிக்கிழமை உட்கார்றியா?" என்று கேட்டார். அறையில் இன்னும் மூன்று கோச்சுகள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் உட்கார மாட்டேன் என்றேன். அப்படித்தான் சொல்வேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது உடைமாற்றும் அறையில் "அக்கா விடுவாங்களாடா?" என்று என்னைக் கேட்காதவன் இல்லை.

ஆட்டம் முடியும்வரை எழுதாதே.

லெ


கோலி ஸ்பிரிங்ஸ்
நவம்பர் 15, ஞாயிறு

தம்பி,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இதுதான் கடைசி, அப்புறம் தொந்தரவு செய்ய மாட்டேன்.

நேற்று மேட்டில் கேட்டேன். ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில் அடிபட்டு விழுந்த நீ எழுந்து எதிரணிக் கூட்டத்தோடு போய் நின்றாயாம், உன் ஆட்கள் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்களாம். ரேடியோக்காரன் அதைச் சொல்லிச் சிரித்தான். கிளியான் ரேடியோவை நிறுத்திவிட்டார்.

ஆட மாட்டேன் என்று நீ சொல்லப் போவதில்லை. அதை விட்டுவிட்டேன். வேறொன்று கேட்கிறேன். டேல்பர்க் ஆட்டத்தில் பந்து கைக்கு வந்ததும் ரூஃபஸுக்குக் கொடுத்துவிடு. ஓரத்து ஆள் உன் மேல் பாயும்வரை காத்திருக்காதே. அவன் வருவதற்கு முன்னால், சீக்கிரம், கையில் நெருப்புப் பட்டது மாதிரி கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துகொள். கோச் திட்டினால் திட்டட்டும். குரல் கொடுத்துக்கொண்டே ஓடும்படி ரூஃபஸிடம் சொல். கண் இல்லாவிட்டால் காது இருக்கிறது.

அப்படிக் கொடுப்பது உங்கள் ஆட்டத்தில் எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். ஓரத்து ஆளை உன் மேல் இழுத்துக்கொண்ட பிறகுதான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவன் முழு வேகத்தோடு ரூஃபஸ் மேல் போய் விழுவான். தெரிந்துதான் கேட்கிறேன். ரூஃபஸுக்குத் தலை நன்றாக இருக்கிறது. ஒரு நாளைக்கு அவன் வாங்கட்டும்.

கடவுள் என்னைக் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா


வெஸ்ட் பிரேரி
நவம்பர் 26, வியாழன்

அக்கா,

இன்று நன்றி செலுத்தும் நாள். விடுதியில் ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் வான்கோழி போட்டார்கள். ரூஃபஸின் அம்மா தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

ரேடியோவில் கேட்டிருப்பாய். கேட்டிருக்காவிட்டால் நான் சொல்கிறேன், என் வாயால் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமைதான் வந்தது. படித்துவிட்டுக் கோபம் வந்தது. இப்படி ஒரு கேவலத்தை என்னிடம் கேட்கிறாளே என்று. ஆட்டம் முழுக்க நான் அதைச் செய்யவில்லை. நானே வைத்துக்கொண்டேன், நானே முட்டினேன். கடைசியில் ஆறு புள்ளி பின்தங்கியிருந்தோம், எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு ஆறேழு கஜம்தான் பாக்கி. பந்து கைக்கு வந்தது. ஓரமாக ஓடினேன். ஓரத்து ஆள் இரண்டாக நின்றான். இரண்டு பேரும் என்னைப் பார்த்துக் குனிந்தார்கள்.

அப்போது எனக்குப் பயம் வந்தது, அக்கா. இதற்கு முன்னால் ஒரு நாளும் வந்ததில்லை. இந்த அடிக்குப் பிறகு நான் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. அவன் இன்னும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. இன்னும் இரண்டு எட்டு நான் அவனை நோக்கி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வெளிப்பக்கம் "லெம், இங்கே! இங்கேடா!" என்று ரூஃபஸின் குரல் கேட்டது. இரண்டு மாதமாக என்னோடு பந்தில்லாமல் ஓடியவன், அன்றும் கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். குரலைப் பார்த்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தேன்.

பந்து அவனுக்குப் பின்னால் போனது. அவன் உடம்பைத் திருப்பி, கழுத்தை நீட்டிக் கையைப் பின்னால் கொண்டுபோனான். அந்த நேரத்தில் ஓரத்து ஆள் வந்து மோதினான். அவன் மேல் குற்றமில்லை. நான்தான் அவனுக்கு வழி திறந்துவிட்டேன்.

ரூஃபஸுக்குக் கழுத்து எலும்பு முறிந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. அசையாது என்கிறார்கள்.

தோற்றுப்போனோம். ஏன் என்று கேட்ட பேப்பர்காரர்களிடம் கோச், அந்தப் பையன் நான் சொல்லாததைச் செய்தான் என்றார். உண்மைதான். ஊரில் என்னைக் கோழை என்கிறார்கள். அதுவும் உண்மைதான். என் கண்ணை டாக்டர் பார்த்தார். இனி ஆடக் கூடாது, ஓய்வெடுத்தால் போகப் போகச் சரியாகலாம் என்றார். ரூஃபஸுக்கு ஒரு 'லாம்' கூட இல்லை.

அவன் என்னைத் திட்டவில்லை. "நல்ல பந்துடா, கொஞ்சம் பின்னாடி வந்துடுச்சு" என்றான். அவன் அம்மா மூன்று பகல் மூன்று ராத்திரி தூங்கவில்லை. இப்போது பகலில் நான் அவனுக்கு ஊட்டுகிறேன், அவர் தூங்குகிறார். உன் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வர மாட்டேன். நீயும் இங்கே வராதே. நீ சொன்னபடி செய்தேன், அக்கா. அவன் வாங்கிவிட்டான்.

லெமுவேல்


கோலி ஸ்பிரிங்ஸ்
டிசம்பர் 6, ஞாயிறு

தம்பி,

அன்று மேட்டில்தான் இருந்தேன். "பையன் ஒருத்தன் விழுந்து கிடக்கான், அசையலை" என்றான் ரேடியோக்காரன். எந்தப் பையன் என்று சொல்லவில்லை. அவன் சொல்வதற்குள் என் உயிர் போய்விட்டது. அப்புறம் ரூஃபஸ் என்றான். நான் "கடவுளே, உனக்கு நன்றி" என்று சத்தமாகச் சொன்னேன். கிளியான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ரூஃபஸின் அம்மாவுக்கு எழுத ஒவ்வொரு ராத்திரியும் உட்காருகிறேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுதுகிறேன், கிழிக்கிறேன். மன்னிப்பு என்றால் இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று அர்த்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தால் அதே கடிதத்தைத்தான் எழுதுவேன், லெம். இன்னும் முன்னாலேயே எழுதுவேன். அவர் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துத்தான் உன்னை வாங்க வேண்டுமென்றால் மறுபடியும் வாங்குவேன். இதை அவருக்கு எப்படி எழுதுவது? உனக்கு எழுதுகிறேன்.

நீ செய்தது உன் பாவம் இல்லை. பயந்தாய், அவ்வளவுதான். பயப்படு என்று சொன்னவள் நான். அவனுக்கு ஊட்டும்போது என்னைத் திட்டிக்கொண்டே ஊட்டு. என் பெயரை அவனிடமும் அவன் அம்மாவிடமும் சொல்லிவிடு, மூடி வைக்காதே. இங்கே வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

உயிரோடு இருந்து என்னை வெறுத்துக்கொண்டிரு. எனக்கு அது போதும்.

ஓடெசா